நூல் இல்லாத சாமிக்கு யார் சாட்சி? தலைவெட்டி முனியப்பன் தீர்ப்பை முன்வைத்து

பெரியேரிக்காரன்

சேலம்காரர்களுக்குத் தலைவெட்டி முனியப்பனைத் தெரியாமல் இருக்காது. பெரியேரியில் இருக்கும் அந்தச் சிலை புத்தருடையது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பு தொல்லியல் துறை நேரில் பார்த்து அறிக்கை கொடுத்திருந்தது. தாமரைப் பீடம், அர்த்த பத்மாசனம், தியான முத்திரையில் கைகள், சுருள்முடி, உச்சியில் முடிச்சு, நீண்ட காது மடல். துண்டாகியிருந்த தலையைச் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். இத்தனையும் தெரிந்த பிறகு அதை முனியப்பன் என்று வைத்திருப்பது பௌத்தக் கொள்கைக்கே விரோதம் என்று சொல்லி, இடத்தை அறநிலையத் துறையிடமிருந்து எடுத்துத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். மக்கள் வந்து பார்க்கலாம், பூசை கூடாது.

சிலை புத்தருடையதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கேள்வி வேறு. அங்கே காலம் காலமாகக் கும்பிட்டவர்கள் எந்த நூலையும் வைத்துக்கொண்டு கும்பிடவில்லை. முனியப்பனுக்கு வேதம் இல்லை, ஆகமம் இல்லை, நாயன்மார் பாடிய பதிகம் இல்லை. நேர்ந்துகொண்டால் நடத்திக் கொடுப்பார், பொய்ச் சத்தியம் செய்தால் கேட்பார், ராத்திரியில் எல்லையைக் காப்பார். இவ்வளவுதான். வழக்கென்று வந்தபோது, சிலை புத்தருடையது என்று சொன்ன எதிர்த்தரப்பிடம் புத்தருக்குரிய லட்சணங்களின் பட்டியல் இருந்தது. நூல்வழி வந்த பட்டியல் அது. கும்பிட்டவர்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

மத நம்பிக்கை நூலையும் அதற்கு நாம் சொல்லும் பொருளையும் பிடித்துத்தான் நிற்கிறதா? நம்பிக்கை நூலுக்கு முன்பே இருக்கிறது, அடுத்தவரிடம் நிரூபிக்க வேண்டி வரும்போதுதான் நூலைத் தேடுகிறோம் என்பது என் எண்ணம். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

குகை தறி

நீங்கள் சொல்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆடி மாதம் எங்கள் குகைப் பக்கம் வந்து வண்டி வேடிக்கை பாருங்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு புராணக் காட்சி. சிவன், பார்வதி, முருகன், நரசிம்மர் என்று நம்ம தெருப் பையன்களே வேடம் கட்டி நிற்பார்கள். அந்தப் புராணத்தைப் புத்தகமாக எடுத்துப் படித்தவர் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? பார்த்தும் கேட்டும்தான் எல்லாருக்கும் தெரியும். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டால் ஊர் முழுக்க விரதம் தொடங்கிவிடுகிறது. உருளுதண்டம் போடுகிறவர் எந்த நூலில் இது சொல்லியிருக்கிறது என்று கேட்டுவிட்டா உருளுகிறார்?

இன்னொன்று. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பார்கள், கூத்து நடக்கும், கடைசியில் தீமிதி. அங்கே நூல் இருக்கிறது. ஆனால் கோயில் காவலுக்கு நிற்கிற போத்தராஜாவை வியாச பாரதத்தில் தேடினால் கிடைக்க மாட்டார். அவர் இல்லாமல் திருவிழாவும் நடக்காது. நூலைப் படித்துக்கொண்டே, நூலில் இல்லாத சாமிக்கும் முதல் மரியாதை செய்கிறார்கள்.

கோட்டைவாசி

நான் முஸ்லிம். அதனால் இந்தப் பேச்சை வேறு இடத்திலிருந்து பார்க்கிறேன். குர்ஆன் இல்லாமல் எங்களுக்கு ஈமானே, அதாவது இறைநம்பிக்கையே, இல்லை. 114 அத்தியாயங்கள், 23 ஆண்டுகளில் இறங்கியது, அல்லாஹ்வின் வார்த்தை. நம்பிக்கை முன்னால் இருந்தது, நூல் பிறகு சாட்சிக்கு வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. வேதங்களை நம்புவதே ஈமானில் ஒரு பகுதி. எல்லா மதத்துக்கும் ஒரே அளவுகோல் வைக்காதீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் பொருள் சொல்வது பற்றிக் கேட்டீர்களே, அது நியாயமான கேள்வி. ஐவேளைத் தொழ வேண்டும் என்பது கடமை. அதிகாலைத் தொழுகையான ஃபஜ்ருக்கு இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று), மாலைத் தொழுகையான மக்ரிபுக்கு மூன்று என்ற கணக்கு குர்ஆனில் எண்ணாக எழுதப்படவில்லை. நபிகள் தொழுது காட்டினார்கள், பார்த்தவர்கள் தொழுதார்கள், அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். ஹதீஸ், அதாவது நபிமொழித் தொகுப்பு, அதைப் பதிவு செய்தது. எனக்குத் தொழச் சொல்லிக் கொடுத்தது என் அத்தா. பக்கத்தில் நிற்க வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சங்கிலி அறுந்தால் நூல் கையில் இருந்தும் தொழத் தெரியாது.

பிற்பகல் தொழுகையான அஸரின் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹனபி, ஷாஃபி என்று இரண்டு சட்ட வழிகள் எங்களில் உண்டு. ஹனபி வழியில் ஒரு பொருளின் நிழல் அதைப் போல இரு மடங்காக வேண்டும். ஷாஃபி வழியில் ஒரு மடங்கு போதும். சேலத்தில் பெரும்பாலும் ஹனபி. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் போனால் ஷாஃபி. அங்கே பெண் கொடுத்த குடும்பங்கள் இங்கே உண்டு, அங்கே போனால் அந்த ஜமாஅத்தோடு சேர்ந்து தொழுகிறோம். யாரும் யாரையும் மார்க்கத்தை விட்டு வெளியே தள்ளுவதில்லை. பிறை விஷயத்தில்தான் வருத்தம். பிறையைக் கண்டு நோன்பு வையுங்கள் என்பது ஒரே ஹதீஸ். கண்ணால் கண்டாக வேண்டுமா, வானியல் கணக்குப் போதுமா, எந்த ஊரில் கண்டால் எந்த ஊருக்குச் செல்லும் என்று பொருள் பிரிந்து, ஒரே தெருவில் ஒரு வீட்டில் பெருநாள், பக்கத்து வீட்டில் நோன்பு என்று ஆகியிருக்கிறது. அந்த நாளில் மனசு ரொம்பக் கஷ்டப்படும்.

பெரியேரிக்காரன்

பாய், நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், எல்லா மதத்துக்கும் ஒரே அளவு கிடையாது. ஆனால் உங்கள் அத்தா பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார் என்றீர்களே, அந்த இடத்தில் நீங்களும் நானும் ரொம்ப தூரத்தில் இல்லை.

அஸ்தம்பட்டி அக்கா

எங்கள் பக்கத்திலிருந்து நானும் எழுதுகிறேன். நாங்கள் சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டண்ட்). 1827இல் லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்ததிலிருந்து தொடங்குகிற வரலாறு எங்களுடையது. வேதம் மட்டுமே போதும் என்பது லூத்தர் காலத்திலிருந்து எங்கள் அடிப்படை. கத்தோலிக்கர்கள் வேதத்தோடு சபையின் மரபையும் சேர்த்து வைப்பார்கள். வேதாகமத்தில் எத்தனை புத்தகம் என்பதிலேயே வித்தியாசம் உண்டு, எங்களுக்கு 66, அவர்களுக்கு 73.

ஆனால் வேதம் மட்டுமே என்று சொல்கிற நாங்களே ஒன்றை யோசிக்க வேண்டும். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் இன்றிருக்கிற பட்டியலாக முதலில் எழுதப்பட்டது கி.பி. 367இல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய ஈஸ்டர் நிருபத்தில். அதற்கு முன்பு முந்நூறு ஆண்டுகள் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், செத்தும் இருக்கிறார்கள் விசுவாசத்துக்காக. தமிழிலோ புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சானதே 1715இல்தான். அப்புறமும் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரிந்தது? எங்கள் பாட்டிமார் எழுத்துத் தெரியாதவர்கள். கீர்த்தனை பாடிப் பாடித்தான் வேதத்தை மனசில் ஏற்றினார்கள். வீடு வீடாக வந்து வசனம் சொல்லிக் கொடுத்த வேதாகமப் பெண்கள்தான் அவர்களுக்குப் புத்தகம்.

எனக்கு ஆறாத வேதனை ஒன்று இருக்கிறது. கலாத்தியர் 3:28 யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன், ஆண், பெண் என்ற பேதமில்லை, எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்கிறது. இதற்குப் பொருள் சொல்ல பண்டிதர் வேண்டாம், சிறு பிள்ளைக்கும் புரியும். அப்படியிருந்தும் தமிழ்நாட்டுச் சபைகளில் சாதிக்குத் தனி இடம், தனிக் கல்லறை என்று இருந்தது, இன்றும் சில ஊர்களில் இருக்கிறது. நூல் தெளிவாகத்தான் இருந்தது. அதைக் கேட்டவர்கள் ஊர் வழக்கத்தை அதைவிடப் பெரிதாக நம்பினார்கள். நம்பிக்கை நூலைச் சார்ந்திருக்கிறதா என்று கேட்டால், இன்னும் அதிகமாகச் சார்ந்திருக்கக் கூடாதா என்றுதான் நான் ஏங்குகிறேன்.

கருஞ்சட்டை சேலம்

அக்கா எழுதியது கண்ணில் நீர் வர வைக்கிறது. நன்றி.

என் கருத்தைச் சொல்கிறேன். 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது இந்தச் சேலத்தில். 1971 ஜனவரியில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்ததும் இங்கேதான். பெரியார் புராணங்களையும் இராமாயணத்தையும் வரி வரியாகப் படித்து, இதில் இப்படி எழுதியிருக்கிறதே, இதை ஏற்கிறீர்களா என்று மக்களிடம் கேட்டார். அவர் கேட்டது நியாயம், இன்றும் நியாயம். சாதிக்குத் தெய்வ சம்மதம் உண்டு என்று சொன்னவர்கள் நூலைக் காட்டித்தான் சொன்னார்கள், அதனால் நூலைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்த விமர்சனம் மாரியம்மன் கூட்டத்தை ஏன் அவ்வளவாகத் தொடவில்லை என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். இந்த இழையைப் படித்தபோது ஒரு விடை கிடைத்த மாதிரி இருக்கிறது. அங்கே மேற்கோள் காட்டி மறுக்க ஒரு வரிகூட இல்லை. அம்மை போட்டால் வேப்பிலை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மாவிளக்கு. பயத்திலும் பாசத்திலும் இருந்து வருகிற நம்பிக்கை அது. அதைப் போக்க மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் வேண்டும், நூல் விமர்சனம் போதாது. அதனால் நூல் இல்லாத நம்பிக்கை தூய்மையானது, குற்றமற்றது என்ற முடிவுக்கு நீங்கள் யாரும் வந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். நூல் இல்லாத கோயிலிலும் இன்னாருக்குத்தான் முதல் மரியாதை, இன்னார் உள்ளே வரக் கூடாது என்ற வழக்கம் இருக்கிறது. நூலாவது இருந்தால் எதிர்த்துக் கேட்க ஒரு வரி கிடைக்கும்.

அரசமர நிழல்

நான் பௌத்தன். பெரியேரிச் சிலைக்காகப் பல வருடம் போராடியவர்களை மதிக்கிறவன். பெரியேரிக்காரர் எழுதியதில் ஒரு இடம் எனக்கு வலித்தது. எதிர்த்தரப்பிடம் பட்டியல் இருந்தது என்றீர்கள். எங்களிடம் அந்தப் பட்டியல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது, அதையும் சொல்லுங்கள். சேலம் மாவட்டத்தில் ஒரு காலத்தில் பௌத்தம் இருந்தது. ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் இன்றும் பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. கும்பிட்ட மக்களும் பிக்குகளும் விகாரைகளும் போய்விட்டன. கல் மட்டும் நின்றது. அந்தக் கல் யாருடையது என்று சொல்ல எழுத்தைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

மணிமேகலை கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உ.வே.சாமிநாதையர் அதை 1898இல் பதிப்பித்தார். ஏடு கிடைத்துவிட்டது, அதில் வருகிற பௌத்தக் கருத்துகளை விளக்கத் தமிழ்நாட்டில் ஒரு பௌத்தர் இல்லை. ஆங்கிலத்தில் பௌத்த நூல்களைப் படித்திருந்த கல்லூரி ஆசிரியர் ரங்காச்சாரியாரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். நூல் இருந்தது, நம்புகிறவர் இல்லை. இன்னொரு பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை, சில பாட்டுகள்தான் மிச்சம்.

அதே 1898இல் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். பழைய நூல்களையும் மக்கள் வழக்கத்தில் இருந்த கதைகளையும் பண்டிகைகளையும் எடுத்து, அவற்றுக்குள் மறைந்திருக்கிற பௌத்தத்தைக் காட்டினார். அவர் சொன்ன பொருளை எல்லா அறிஞர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அந்தப் பொருளை நம்பி கோலார் தங்கவயல் வரைக்கும் மக்கள் பௌத்தரானார்கள். 1956இல் அம்பேத்கர் தீட்சை பெற்றதும் பல வருடம் படித்து யோசித்த பிறகுதான். ஆக நம்பிக்கை முன்னால், நூல் பின்னால் என்று விதி போடாதீர்கள். எங்களுக்கு நூலிலிருந்துதான் நம்பிக்கை திரும்பி வந்தது.

பெரியேரிக்காரன்

நண்பரே, உங்கள் வலி புரிகிறது. பட்டியல் மட்டும்தான் மிஞ்சியது என்ற வார்த்தை என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்களே எழுதினீர்கள், மணிமேகலை ஏடு கிடைத்துவிட்டது, ஆனால் அதை விளக்க ஒரு பௌத்தர் இல்லை. அயோத்திதாசர் வந்து, இது நம்முடையது என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த மனிதர்கள் சேர்ந்த பிறகுதான் நூலுக்கு உயிர் வந்தது. கண்ணப்பர் கதையும் அப்படித்தான். வேடனுக்கு ஆகமம் தெரியாது, வாயில் நீர் கொண்டுவந்து கொப்பளித்து, இறைச்சி படைத்தார். அவருக்கு நூல் தேவைப்படவில்லை. நமக்கு அவரைத் தெரிவது பெரியபுராணத்தால். இரண்டையும் நான் மறுக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை வக்கீல்

நீதிமன்றப் பக்கம் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், உணர்ச்சிக்கு அப்பால் அதுவும் தெரிய வேண்டும்.

1954இல் சிரூர் மடம் வழக்கு. இந்து அறநிலையச் சட்டத்தை எதிர்த்து சென்னை மாகாணத்திலிருந்து போன வழக்கு அது. ஒரு மதத்தில் எது அத்தியாவசியமான பகுதி என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மதத்துக்கு மரியாதை தருகிற வாசகம்தான். நடைமுறையில் என்ன ஆயிற்று? கோட்பாடு எங்கே இருக்கிறது என்று தேடினால் கை நேராக நூலுக்குத்தான் போகிறது. அப்புறம் வந்த வழக்குகளில் நீதிபதிகள் வசனங்களையும் சுலோகங்களையும் ஆகமங்களையும் படித்துப் பொருள் சொல்ல வேண்டிய நிலைமை. நூல் வைத்திருக்கிறவர் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறார். முனியப்பனுக்குக் கிடா வெட்டுகிறவர் என்ன காட்டுவார்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. விலங்குகள், பறவைகளைக் கோயிலில் பலியிடத் தடை விதிக்கும் சட்டம் 1950லிருந்தே தமிழ்நாட்டில் இருந்தது. 2003இல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்த உத்தரவு வந்தபோது கிராமக் கோயில்கள் எல்லாம் திணறின. எங்கள் சாமிக்கு இதுதான் படையல் என்று சொன்னார்கள், வேறு வாதம் அவர்களிடம் இல்லை. கடைசியில் 2004இல் சட்டத்தையே ரத்து செய்தார்கள். காப்பாற்றியது மக்களின் எதிர்ப்பு. சாத்திர வாதம் எதுவும் அவர்களைக் காப்பாற்றவில்லை. அடுத்த முறையும் அப்படியே நடக்கும் என்று நம்பிக்கொண்டு உட்கார முடியாது.

அதனால் என் ஆலோசனை: ஊர்க் கோயில்காரர்கள் தங்கள் கதையையும் முறையையும் எழுதி வையுங்கள். எழுத்தில் இல்லாததைச் சட்டம் பாதிதான் பார்க்கும்.

சேர்வராயன் பிள்ளை

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வக்கீல் அம்மா சொன்ன ஆலோசனைக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் ஏற்காட்டு மலையில் ஒரு மலையாளி கிராமம். கேரளத்து மலையாளி என்று நினைத்துக்கொள்வார்கள், நாங்கள் மலைவாழ் மக்கள், தமிழ்தான் பேசுகிறோம். மலை உச்சியில் சேர்வராயன் கோயில் பார்த்திருப்பீர்கள். குனிந்து உள்ளே போகிற குகை, சேர்வராயனும் காவேரி அம்மனும் அங்கே இருக்கிறார்கள். அந்தக் குகை காவேரி ஆறு வரைக்கும் போகிறது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலையில் இருக்கிற எல்லா ஊரும் கூடும். எங்களுக்கும் சாமிக்கும் நடுவில் புத்தகம் எதுவும் கிடையாது. பாட்டு இருக்கிறது, முறை இருக்கிறது, இன்ன ஊருக்கு இன்ன வேலை என்று இருக்கிறது.

நாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது எங்கள் கதை. அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள். இதே கதையைக் கொல்லிமலையில் கேளுங்கள், பச்சைமலையில் கேளுங்கள். யார் மூத்தவர், யார் எந்த மலைக்குப் போனார், ஏன் காஞ்சியை விட்டுக் கிளம்பினார் என்பதெல்லாம் மாறும். இத்தனை காலம் அது எங்களுக்குள் சண்டையாக ஆனதே இல்லை. கல்யாணத்தில் சந்தித்தால் அவர்கள் கதையை அவர்கள் சொல்வார்கள், எங்கள் கதையை நாங்கள் சொல்வோம், அப்புறம் சாப்பிடப் போய்விடுவோம்.

இப்போது ஒருவர் வந்து இதை எழுதித் தல புராணமாக அச்சடித்தால் என்ன ஆகும்? எந்த ஊர் பெரியவர் சொன்னாரோ அந்த ஊர்க் கதை சரியான கதை ஆகிவிடும். மற்ற மலைக்காரர்கள் சொல்வது தப்பாகிவிடும். அது மட்டுமில்லை, எழுதுகிறவர் பெரும்பாலும் கீழே இருந்து வருகிறவர். சேர்வராயனைப் பெருமாளின் அவதாரம் என்றோ, சிவனின் அம்சம் என்றோ ஒரு வரி சேர்த்துவிடுவார். எங்களில் பெருமாளைக் கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் அந்த வரி பார்க்கப் பொருத்தமாகவே இருக்கும். பத்து வருடம் கழித்து அந்த வரியைக் காட்டி, ஆகமப்படி பூசை செய்ய ஆள் போடுகிறோம் என்பார்கள். எங்கள் பூசாரி எங்கே போவார்?

எழுத்து எங்களைக் காப்பாற்றும் என்கிறீர்கள். பெரியேரியில் ஒரு சாமியை அடையாளம் மாற்றியதும் எழுத்துதானே?

அரசமர நிழல்

தம்பி, பெரியேரியில் அடையாளம் மாறியது முன்பு எப்போதோ நடந்தது. 2022இல் அது திருத்தப்பட்டது. ஆனால் உங்கள் பயம் நியாயமானது. எங்கள் சிலைக்கு வேறு பெயர் வைத்தவர்கள் உங்கள் சாமிக்கும் வேறு பெயர் வைக்கலாம். இதில் நாம் ஒரே பக்கம்தான்.

கோட்டைவாசி

இந்தத் தம்பி சொன்னது எனக்கும் உறைக்கிறது. எங்களிடம் ஏழு விதமான ஓதல் முறைகளை ஏற்றுக்கொண்டு, யார் யாரிடம் கேட்டு ஓதினார் என்ற சங்கிலியோடு காப்பாற்றினார்கள். ஒரே நூல்தான், ஆனால் எப்படி வந்து சேர்ந்தது என்ற வழியையும் சேர்த்தே வைத்தார்கள். யார் சொன்னது என்று தெரியாமல் ஒரு வாசகம் வந்தால் ஹதீஸ் அறிஞர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் எழுதுவதாக இருந்தால் சொன்னவர், ஊர், யாரிடம் கேட்டார் என்று எல்லாம் சேர்த்து எழுதுங்கள். ஒரே கதையாக உருக்கி எடுக்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை வக்கீல்

கோட்டைவாசி பாய் சொன்னது சட்டத்துக்கும் பொருந்தும். தம்பி, உங்களுக்கு நான் சொல்ல வந்தது தல புராணம் எழுதுங்கள் என்பது இல்லை. வழக்கு என்று வந்தால் உதவுவது வேறு: எந்த ஊருக்கு எந்த முறை, பூசாரி குடும்பம் எது, எத்தனை தலைமுறையாக, பந்தல் யார் போடுகிறார், படையல் என்ன, திருவிழா எப்படி நாள் குறிக்கப்படுகிறது. அறநிலையச் சட்டத்திலேயே வழக்கம் என்ற வார்த்தைக்கு இடம் இருக்கிறது. நீண்ட காலம் தொடர்ந்து நடந்த வழக்கம் என்று காட்டினால் நீதிமன்றம் காது கொடுக்கும். சாமி யார், யாருடைய அவதாரம் என்ற கேள்விக்குள் போகவே வேண்டாம். அதை எழுதாமல் விடுவது உங்கள் உரிமை.

சேர்வராயன் பிள்ளை

இப்படி என்றால் ஊரில் பேசிப் பார்க்கிறேன் அம்மா. முறையை எழுதலாம், பாட்டை ஒலிப்பதிவு செய்யலாம். கதையை எழுதுவதாக இருந்தால் மூன்று மலைக் கதையும் ஒரே புத்தகத்தில் வர வேண்டும், ஒன்றுக்கொன்று முரண்பட்டாலும் அப்படியே வர வேண்டும், அவதாரம் என்ற வரி யார் சொன்னாலும் சொன்னவர் பெயரோடுதான் வர வேண்டும். பெரியவர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்களா தெரியவில்லை. பாட்டு சிலவற்றைத் திருவிழா அல்லாத நாளில் பாடக் கூடாது என்று இருக்கிறது, அதைப் பதிவு செய்யலாமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அஸ்தம்பட்டி அக்கா

கேட்டுவிட்டுச் சொல்லு தம்பி. கூடாது என்று சொன்னால் அந்தப் பாட்டுகளை விட்டுவிடு. முறையை எழுத உதவி வேண்டுமானால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு, கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்து பழக்கம் உண்டு. வக்கீல் அம்மா, எந்த மாதிரி பத்திரங்கள் முதலில் வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டால் பெரியேரிக்காரர், குகைக்காரர் எல்லாருக்குமே பயன்படும்.

செவ்வாய்ப்பேட்டை வக்கீல்

ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுகிறேன். அதுவரை கோயில் நிலத்தின் பட்டா நகல், பழைய திருவிழா நோட்டீஸ், வரவு செலவு நோட்டு எது கிடைத்தாலும் பத்திரமாக எடுத்து வையுங்கள். பழைய நோட்டீஸ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தேதியோடு இருக்கிற ஒரு நோட்டீஸ் பெரிய சாட்சி.